பேயத்தேவரின் துக்கம்

பெரியகுளத்திலிருந்து வடுகபட்டி, ஜெயமங்கலம் வழியாக வைகை அணைக்குப் போகிற சாலையில் நெல்லும் வாழையும் பசுமை கட்டி நிற்பதைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, அந்தச் சாலை சென்று சேரும் இடத்தில் தண்ணீருக்கடியில் சில கிராமங்கள் கிடக்கின்றன என்பது பெரியவர்கள் சொல்லக் கேட்ட சேதியாகத்தான் இருந்துவந்தது. அதை ஒரு சம்சாரியின் குடும்ப துக்கமாக நெஞ்சில் இறக்கிவைத்தது, வைரமுத்து ஆனந்த விகடனில் தொடராக எழுதி, 2003-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்ற ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’.

மனைவி அழகம்மாளை இழந்து, மகனால் நொந்து, பெண்மக்களின் வாழ்வும் நிம்மதியற்றுப்போக, பேரன் மொக்கராசு ஒருவனையே பற்றுக்கோடாகக் கொண்டு காலந்தள்ளுகிற கதைநாயகர் பேயத்தேவருக்கு உட்கார்ந்து அழ அவகாசமே கிடைப்பதில்லை. இதுவே இந்நாவலின் உன்னதம் என்பேன். மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைக்கிறவன் வீட்டில், இழவு விழுந்த மறுநாளும் தொழுவத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாகவேண்டுமல்லவா?

வறண்ட காட்டில் தாத்தாவும் பேரனும் கிணறு தோண்டுகிற பகுதியைப் படித்துப் பாருங்கள். கடப்பாறை பாறையில் பட்டுத் தெறிக்கும் ஒவ்வொரு முறையும், அந்தக் கிழவர் வாய்விட்டுச் சொல்லாத சோகமெல்லாம் அந்தக் கைகளின் வழியாக வெளிப்படுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. நீருக்காக அப்படிப் பூமியைக் குடைந்தவரிடம் கடைசியில் நீர் வருகிறது, அணை தேக்கிய பிரளயமாக. ஊருக்குள் வெள்ளம் புகுந்த பின்னும் வீட்டிலுள்ளதை மீட்கப் போராடி, அந்த நீரிலேயே அவர் உயிரை விடுகிறார்.

கவிஞர் எழுதிய வசனமாதலால் சில இடங்களில் அலங்காரம் மிகுந்து, உவமை துக்கத்தை முந்திக்கொண்டுவிடுகிறது. பாத்திரங்கள் கள்ளிக்காட்டு மொழியில் பேசத் தொடங்கியதும் அந்தக் குறை மறைந்துபோகிறது.

1959-இல் திறக்கப்பட்ட வைகை அணை மதுரைக்குக் குடிநீரும் கீழ்நாட்டு வயல்களுக்குப் பாசனமும் தருகிறது. அந்த உபகாரத்தை யாரும் மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அதன் பொருட்டு வீடு வாசலை விட்டு வெளியேறியவர்களின் மக்களும் பேரர்களும் நம் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். இந்நாவலைப் படித்த ஜெயமங்கலத்து இளைஞர்கள், தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அந்த நாட்களைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பேயத்தேவர் ஒருவர் கதை மட்டும் போதாது.