வாக்கியக் கணக்கும் தமிழ்த் தொடரமைப்பும்

1. முன்னுரை

தொடக்கப்பள்ளி மாணவர் பலர் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் தனித்தனியே பிழையின்றிச் செய்வர். அவற்றுள் இரண்டோ மூன்றோ ஒரே வாக்கியக் கணக்கில் இணைந்து வரும்போது இடறுவர். இதனைக் கணித அறிவின் குறையாகக் கொள்வதே வழக்கம். இடறலின் ஒரு பகுதி கணக்கு எழுதப்பட்ட மொழியிலேயே உள்ளது என்பதும், கணக்கைத் தமிழாக்குவோர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. இங்கு எண்ணிட்டுக் காட்டப்படும் கணக்குகள் இக்கட்டுரைக்கென அமைக்கப்பட்டவை.

மொழி மாறினால் விடையும் மாறும் என்பதற்கு ஹட்சன் 1983இல் வெளியிட்ட ஆய்வு தக்க சான்று. பறவைகளும் புழுக்களும் உள்ள படத்தைக் காட்டி, புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம் என்று ஆங்கிலத்தில் வினவியபோது, முதல் வகுப்புக் குழந்தைகளுள் 64 விழுக்காட்டினரே சரியாக விடையளித்தனர். பறவைக்கு ஒரு புழு எனக் கொண்டால் எத்தனை பறவைகளுக்குப் புழு கிடைக்காது என்று வினவியபோது அனைவரும் சரியாக விடையளித்தனர். படம் அதுவே, எண்களும் அவையே. மாறியது தொடர் ஒன்றே.

2. குறிப்புச்சொல் முறை

'மொத்தம்' என வந்தால் கூட்டுக, 'மீதி' என வந்தால் கழிக்க என்று குறிப்புச்சொற்களைக் கொண்டு செயலைத் தேர்ந்தெடுக்கக் கற்பிக்கும் முறை வகுப்பறைகளில் உண்டு. ஒருபடிக் கணக்குகளில் இது பெரும்பாலும் பயன்படுவதுபோல் தோன்றும். பலபடிக் கணக்கில் நிலை வேறு.

(1) முருகனிடம் 12 கோலிகள் உள்ளன. இது வேலனிடம் உள்ளதைவிட 5 கூடுதல். இருவரிடமும் சேர்த்து எத்தனை?

வேலனிடம் உள்ளவை 7, மொத்தம் 19. குறிப்புச்சொல்லை நம்பும் மாணவன் வேலனுக்கு 17 எனக் கொண்டு 29 என்பான். இரண்டாம் படியை அவன் சரியாகவே செய்துள்ளான். முதற்படியின் பிழை இறுதி விடைவரை தொடர்ந்துவிட்டது. இத்தகைய தலைகீழ்த் தொடர்களில் கல்லூரி மாணவரும் பிழை செய்வதை லூயிஸ், மேயர் ஆகியோர் 1987இல் ஆங்கிலச் சான்றுகளால் காட்டினர்.

தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 'கூடு' என்னும் தன்வினையின் தொழிற்பெயர் 'கூடுதல்'. 'கூட்டு' என்னும் பிறவினையின் தொழிற்பெயர் 'கூட்டல்'. 'அதிகம்' என்பதை நீக்கித் தூய தமிழ்ச்சொல்லாகக் 'கூடுதல்' என்று எழுதும்போது, தவறான செயலின் பெயரையே மாணவன் காதில் ஓதிவிடுகிறோம். இச்சொல்லை விலக்க வேண்டும் என்பதன்று கருத்து. இரண்டாம் வேற்றுமையை ஏற்று நிற்கும் 'விட' என்னும் சொல்லுருபு எப்பெயரைச் சார்ந்துள்ளது என்பதைக் காணவே மாணவனைப் பழக்க வேண்டும். ஒப்பீட்டின் அளவுகோல் அங்கேதான் உள்ளது.

3. வினையெச்சமும் செயல்வரிசையும்

மொழிபெயர்ப்புச் சாயல் கொண்ட ஒரு கணக்கைக் காண்போம்.

(2) ஒவ்வொன்றிலும் 24 மாம்பழங்களைக் கொண்ட 6 பெட்டிகளிலிருந்து 9 அழுகிய பழங்கள் ஒரு வணிகரால் நீக்கப்பட்டு, 5 கூடைகளில் சமமாக வைக்கப்பட்டன எனில், ஒரு கூடையில் உள்ள பழங்களின் எண்ணிக்கை யாது?

'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சமும் அது கொண்டு முடியும் வினையும் ஒரே எழுவாயைக் கொள்வது தமிழ் இலக்கணம். அதன்படி கூடைகளில் வைக்கப்பட்டவை அழுகிய 9 பழங்களே. இலக்கணத்தைச் சரியாக உணர்ந்த குழந்தை இங்குத் தவறான விடை பெறும். தொடரைப் படிக்காமல் எண்களை மட்டும் பார்த்த குழந்தை தப்பிவிடக்கூடும். மூலத்தில் 'எஞ்சியவை' என்னும் பொருள் தெளிவாக இருப்பினும், செயப்பாட்டு வினைகளை அடுக்கும்போது அது நழுவிவிடுகிறது. இதனையே பின்வருமாறு கூறலாம்.

(3) வணிகர் ஒருவர் பெட்டிக்கு 24 பழம் வீதம் 6 பெட்டி மாம்பழம் வாங்கி, அவற்றுள் அழுகிய 9 பழங்களை நீக்கி, எஞ்சியவற்றை 5 கூடைகளில் சமமாக அடுக்கினார். ஒரு கூடையில் எத்தனை பழங்கள்?

'வாங்கி' என்னுமிடத்தில் 144. 'நீக்கி' என்னுமிடத்தில் 135. 'அடுக்கினார்' என்னுமிடத்தில் 27. ஒவ்வொரு வினையும் ஒரு படியாக நிற்கிறது. ஆசிரியர் ஒவ்வொரு வினையிலும் நிறுத்தி, "இப்போது வணிகரிடம் எத்தனை பழங்கள்?" என்று வினவினால், படிகளைப் பிரிக்கும் திறன் தொடரைப் படிக்கும் திறனோடு சேர்ந்தே வளரும்.

4. முடிவுரை

எளிய தொடர்களையே தந்தால் மாணவன் கடினமானவற்றை எப்போது கற்பான் என்னும் வினா நியாயமானதே. (1) போன்றவை பாடத்தில் இருக்கவே வேண்டும். 'வேலனிடம் முருகனைவிட 5 குறைவு' என மாணவனே அத்தொடரை மாற்றிச் சொன்ன பிறகு கணக்கைத் தொடங்கச் செய்வது நன்று. ஆனால் (1)இன் கடினம் சிந்தனையைச் சார்ந்தது. (2)இன் கடினம் மொழிபெயர்ப்பின் பிழை. முன்னதைக் கற்பிக்க வேண்டும். பின்னதைத் திருத்த வேண்டும். கணக்கைத் தமிழாக்குவோர், மூலத்தை மூடிவைத்துவிட்டுத் தம் தமிழ்த் தொடரை மட்டும் கொண்டு அக்கணக்கை ஒருமுறை செய்து பார்ப்பாராயின், இவ்வகைப் பிழைகள் பல அச்சேறாமல் நிற்கும். தொடரின் பிழைக்காகக் குழந்தை மதிப்பெண் இழப்பது முறையன்று.