நாடி பிடிக்கும் கை: அதன் நம்பகத்தன்மை பற்றி ஒரு விமரிசனம்

கல்முனை தொடக்கம் அறுகம்பே வரையுள்ள எமது கரையோர ஊர்களில், பரிசாரியாரிடம் செல்பவர் வாய் திறக்குமுன் கையை நீட்டுவார். நோயைத் தாமே கூறிவிட்டால் பரிசாரியாரின் திறமைக்கு அங்கு வேலை ஏது என்ற எண்ணம் முதியோரிடம் உண்டு. அந்தக் கை உண்மையில் எதனை அறிகின்றது என்னும் வினாவை மரியாதைக் குறைவு எனக் கருதி நாம் எழுப்புவதில்லை. எழுப்பவேண்டிய வினா அது என்பதே எனது கருத்து.

சித்த மரபு சுட்டுவிரலில் வாதத்தையும், நடுவிரலில் பித்தத்தையும், மோதிர விரலில் கபத்தையும் உணரச் சொல்கின்றது. யூனானி மரபிலோ, இப்னு சீனா தமது ‘அல்கானூன்’ நூலில் நாடியைப் பத்து இயல்புகளால் வகுத்தார். இரண்டும் நுட்பமான அமைப்புக்களே. ஆயின் அமைப்பின் நுட்பம் வேறு, அதனைக் கையாளும் விரலின் நம்பகத்தன்மை வேறு. ஒரே நோயாளியை இரு வைத்தியர் தனித்தனியே தொட்டு, ஒருவர் கூறியதை மற்றவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வருகின்றனரா? நம்பகத்தன்மை என்பது இவ்வளவே.

இவ்வினா கீழைத்தேய வைத்தியத்தை மட்டந்தட்ட எழுந்ததன்று. அறுகம்பேக்கு அலைச்சறுக்க வரும் மேனாட்டாரின் நாடுகளிலும் கைவைத்தியம் உண்டு. அமெரிக்கரான சதர்லாந்து 1939இல் வெளியிட்ட நூலின் வழியே மண்டையோட்டு ஒஸ்டியோபதி பரவியது. தலையில் மெல்லக் கைவைத்தால், இதயத் துடிப்பும் சுவாசமும் அல்லாத மூன்றாவதொரு லயத்தை உணரலாம் என்பது அதன் கோட்பாடு. 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மூன்று சிகிச்சையாளர் பன்னிருவரைத் தொட்டு அந்த லயத்தை எண்ணினர், எண்ணிக்கைகள் ஒத்துவரவில்லை. 1998இன் ஆய்வொன்று இன்னும் சுவையானது. ஒருவர் தலையையும் மற்றவர் பாதத்தையும் ஒரே வேளையில் பற்றியிருந்தனர். அங்கும் உடன்பாடு இல்லை. ஓருடலில் ஒரு லயமே இருக்குமாயின் இருவரும் எதைத்தான் எண்ணினர்?

எமது நாடிக்கு அண்மையான சோதனை 2013இல் வெளிவந்தது. ஆயுள்வேத வைத்தியர் பதினைவர், நலமாயிருந்த இருபதுபேரின் நாடியைப் பார்த்தனர். அவர்களிடையே காணப்பட்ட ஒருமைப்பாடு மிகக் குறைவு.

“அனுபவம் வேண்டும், தம்பி” என்பதே இதற்கு வழமையான மறுமொழி. அனுபவம் திருத்தம் பெறும் இடத்திலேதான் வளரும். எமதூர் முறிவு வைத்தியரின் கை ஏன் மதிக்கப்படுகின்றது? எலும்பு கோணலாகப் பொருந்தினால் ஊரே காணும். எக்ஸ்-கதிர்ப் படமும் காட்டிக்கொடுக்கும். பித்தம் மிகுந்தது என்ற கூற்றை எந்தப் படம் பொய்யாக்கும்? பிழையைக் காணாத கை நாற்பது ஆண்டு பழகினாலும் உறுதியைப் பெறுமேயன்றித் திருத்தத்தைப் பெறாது.

இதனால் நாடியை முற்றாகத் தள்ளுவோரையும் நான் ஏற்கவில்லை. இப்னு சீனாவின் பத்தினுள் வேகமும் ஒழுங்கும் உள்ளன. இவை எண்ணத்தக்கவை, துடிப்பின் ஒழுங்கின்மையை விரலால் உணர்ந்து இதயநோயை ஐயுறுவதை மேலை வைத்தியமும் செய்கின்றது. இடர் எண்ணத்தக்கதையும் எண்ணவியலாததையும் ஒரே உறுதியுடன் கூறுவதிலேயே உள்ளது. நீரிழிவுக்காரர் ஒருவர், “நாடி நன்றாயிருக்கின்றது” என்ற சொல்லை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால், அதன் விலையை அவரது கண்ணும் சிறுநீரகமும் கொடுக்கும்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானியும், யாழ்ப்பாணத்தில் சித்தமும் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றன. வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையே ஒரு திரையைத் தொங்கவிட்டு, ஒரே கையை இருவரிடம் இருமுறை நீட்டச் செய்து, அவர்கள் கூறுவதை ஒப்பிட அங்குள்ள மாணவர்களால் முடியும். அதற்கான செலவு அந்தத் திரைச்சீலை மட்டுமே.