பிழை யாருடையது? – நகர் நீங்கு படலத்தில் ‘விதி’

முடிசூட்டு விழாவுக்கெனக் குறித்த நாளிலேயே இராமன் 14 ஆண்டுக் கானக வாழ்வை ஏற்க நேர்கிறது. எண்ணியது குலையும்போது மனிதன் யார்மேல் பாரத்தை வைத்து அமைவது என்னும் வினாவை இந்திய மொழி இலக்கியங்கள் பலவும் இந்நிகழ்ச்சியை வைத்தே எழுப்பியுள்ளன. கம்பராமாயண அயோத்தியா காண்டத்து நகர் நீங்கு படலத்தில், வெகுண்டெழும் இலக்குவனை ஆற்றுவிக்க இராமன் கூறும் பாடல், விதிக்கு அடங்குதலைப் போதிப்பதாகவே மேடைகளில் பெரிதும் எடுத்துக்காட்டப்பெறுகிறது. பாடலின் தொடரமைப்பு அக்கருத்துக்கு முழுதும் இடந்தருவதாக இல்லை.

ஆற்றில் நீரின்மை ஆற்றின் குற்றமாகாது என்னும் உவமையோடு தொடங்கும் அப்பாடல், தந்தை, தாயின் அறிவு, தம்பி பரதன் என ஒருவர்பின் ஒருவராகக் குற்றத்தினின்றும் விடுவிக்கிறது. ‘பிழை’ என்னும் பெயரே தொடர்தோறும் வர, ‘அன்று’ என்னும் எதிர்மறைக் குறிப்புவினை அதனைத் தொடர்கிறது. கூற்றினுள் காலங்காட்டும் தெரிநிலை வினைமுற்று ஒன்றேனும் இல்லை. இறுதியில் நிற்கும் ‘என்றான்’ கவிக்கூற்று. ‘புரந்தாள்’ என்பது முற்றுப்போல் தோன்றினும் ஈண்டு வினையாலணையும் பெயரே. இலக்குவனின் சினமும் ‘வெகுண்டது’ எனப் பெயர்த்தன்மை பெற்றுவிடுகிறது. வரம் கேட்டாள், தந்தான் என்று சொல்வதற்குரிய வினைகள் விலக்கப்பட்டமையால், செய்தவர் என எவரும் தொடருள் நிற்பதில்லை. விதியும்கூட எழுவாயாக நின்று எதனையும் செய்வதில்லை. பிழைக்கு உரிமையுடையதாக மட்டுமே நிற்கிறது. மறுப்புகள் நான்கு, உடன்பாடு ஒன்று. பாடலின் கனம் விதியின் ஆற்றலை நிறுவுவதில் இல்லை. மனிதர்மேல் சினம் செல்லாதபடி தடுப்பதில் உள்ளது. கைகேயியைத் தம்மை ஈன்று காத்தவளாக இராமன் சுட்டுவதும் இதனை வலியுறுத்தும்.

‘ஊழ்’ என்னாது ‘விதி’ என்றது ஏன்? ஊழ் வினைப்பயன் முதிர்ந்து வருவது. விதியோ விதிக்கப்பட்டது, விதித்தவன் ஒருவனைத் தன்னுள் அடக்கிய சொல். இறைவன்மேல் பாரம் வைக்கும் மனநிலைக்கு இதுவே ஏற்றது என வாதிடலாம். திருமாலின் அவதாரமாகக் கம்பன் காட்டும் ஒருவன் வாயில் அச்சொல் வருவது மேலும் சுவை பயப்பது. ஆயினும் நதி, பதி, மதி என ஓடும் எதுகைக்கு ஊழ் பொருந்தாது என்பதை மறைத்தல் கூடாது. நூற்பாவின் விதியையும் தலைவிதியையும் ஒரே சொல்லால் வழங்கும் மொழியில் இவ்வளவு நுட்பம் காண்பது இலக்கணிகளின் பழக்கம் போலும்.

வான்மீகத்தில் இச்செய்தி வாதமாக அமைகிறது. அயோத்தியா காண்டத்து 22ஆம் சருக்கத்தில், என்றும் தன்பால் அன்பு காட்டிய கைகேயி மாறியமைக்கு வேறு காரணம் புலப்படாமையால் அது தெய்வச் செயலே என இராமன் உய்த்துணர்கிறான். 23ஆம் சருக்கத்தில் இலக்குவன், தெய்வத்தைப் பற்றுதல் ஆற்றலற்றோர் இயல்பு என இகழ்ந்து மனித முயற்சியை முன்னிறுத்துகிறான். இராமன் இதற்கு மறுவாதம் தொடுப்பதில்லை. தம்பியின் கண்ணீரைத் துடைத்து, தந்தை சொல்லில் தான் நிற்பதையே கூறுகிறான். நம்பிக்கை ஈண்டு வாதத்தால் நிறுவப்படவில்லை. அடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்வதில் புலப்படுகிறது.

கம்பனின் இலக்குவன் அண்ணன் வாய்ச்சொற்களையே பிடித்துக்கொள்கிறான். மதி, விதி ஆகிய இரண்டையும் நான்காம் வேற்றுமையில் நிறுத்தி, அவற்றை வெல்லும் மதியாகவும் விதியாகவும் தன் விற்றொழிலை வைக்கிறான். இராமன் கூற்றில் இல்லாத தன்மை வினைமுற்று ‘ஆற்றுவென்’ என இங்கு வந்துவிடுகிறது. ஈன்று காத்தவள் கோள் இழைத்தவளாகிறாள்.

உரைப்போர் பலர் தவறவிடுவது, கூற்று யாருடையது என்பதை. இழந்தவன் தன் இழப்பைப் பற்றிச் சொன்ன சொல் அது. கைகேயி சொல்லியிருப்பின் வெறும் சாக்காகியிருக்கும். துளசிதாசரின் இராமசரிதமானசத்தில், தயரதன் இறந்தபின், இழப்பும் பேறும் வாழ்வும் சாவும் விதியின் கையில் உள்ளன என வசிட்டர் பரதனுக்குக் கூறுகிறார். கூறி, அரசை ஏற்கவும் வற்புறுத்துகிறார். பரதன் ஏற்கவில்லை. ஆறுதல் சொல்வோர் வாயில் அச்சொல் எவ்வளவு விரைவில் அறிவுரையாக மாறிவிடுகிறது என்பதற்கு அது சான்று. இழப்புக்குப் பொறுப்பானவர்களே இழந்தவர்களிடம் ‘எல்லாம் விதி’ என்னும்போது அதற்குக் கம்பனைத் துணைக்கழைப்பது, கூற்றுநிலையைத் தலைகீழாக்குவதாகும்.

வாதம் அடங்கும் இடத்தில் கம்பனும் விதியை விட்டுவிடுகிறான். வளர்த்த தந்தையின் சொல்லைக் கடந்து அரசாள்வது தனக்குத் தக்கதன்று என்கிறான் இராமன். ‘எற்கு’ என நான்காம் வேற்றுமை மீள்கிறது. இலக்குவன் விதியோடு சேர்த்த உருபு இங்குப் பேசுவோனோடே சேர்கிறது. அவ்விடத்தில் இராமனைத் தமிழும் வடமொழிக் கலையும் கரைகண்டவனாகப் பாராட்டும் கம்பன், தமிழுக்கும் ‘கட’ என்னும் அதே வினையை ஆள்கிறான். மொழியைக் கடந்தவன் தந்தையின் சொல்லைக் கடக்க மறுக்கிறான்.