ஏடேறிய பேச்சுமொழி

இலக்கியத்திற்கு உரியது செந்நடையே, பேச்சுவழக்கு பிழை மலிந்தது என்னும் எண்ணம் பள்ளிகளில் ஆழ வேரூன்றியுள்ளது. கன்னடத் தலித் எழுத்தாளர் தேவனூர் மகாதேவாவின் நூல்களைக் கற்போர் அவ்வெண்ணத்தை மறுபடியும் ஆராய நேரும்.

மகாதேவா, 1948இல் மைசூர் மாவட்டம் நஞ்சன்கூடு வட்டத்துத் தேவனூரில் பிறந்தவர். அவருடைய குறுநாவல் 'ஒடலாள'. வயிற்றின் ஆழம் என்பது பொருள். சாக்கவ்வை என்னும் மூதாட்டி காணாமற்போன சேவலைத் தேடுகின்றாள். இரவில் திருட்டு நிலக்கடலை வீடு வந்து சேர்கின்றது. குடும்பமே கூடியமர்ந்து உண்டு தீர்க்கின்றது. பின்னர்க் காவலர் சோதனைக்கு வருகின்றனர். ஆசிரியர் களவைப் போற்றவுமில்லை, பழிக்கவுமில்லை. பசியையும் அவ்விரவின் களிப்பையும் ஒருங்கே காட்டுகின்றார். செந்நடையில் பேசியிருப்பின் சாக்கவ்வை பிறர் இரக்கத்திற்குரியவளாகவே நின்றிருப்பாள். தன் சொல்லில் பேசுவதனாலன்றோ இல்லத் தலைவியாக நிமிர்கின்றாள்!

1990இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற 'குசுமபாலெ'யின் வட்டார வழக்கு கன்னடர்க்கே கடினம் என்பர். அக்குறை மெய்யே. ஆயினும், கட்டிலும் விளக்கும் வாய்திறந்து பேசும் அக்கதையை வேறெந்த நடை தாங்கும்?

கன்னடம் இன்னும் பயிற்றுமொழியாகவில்லை என்று கூறி, 2010இல் நிருபதுங்க விருதை மறுத்தவரும் இவரே. தாய்மொழிப்பற்று என்பது குடிசையின் மொழியையும் மதிப்பதாகும். மாணவன் எழுதிய வீட்டுச் சொல்லைச் சிவப்பு மையால் அடிக்குமுன், ஆசிரியர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று.