இசைத்தட்டும் இழவு வீடும்

“சன்னலைச் சாத்துங்கள், தம்பி! சாவு வீட்டுக் கூச்சல் சங்கீதத்தைக் கெடுக்கிறது!”

சொன்னவர் பெரியவர், துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பண்பாளர். இடம், திருவொற்றியூரில் தேரடிக்கு அருகே ஒரு மாடி அறை. நேரம், ஞாயிற்றுக்கிழமை மாலை. ரெக்கார்டு பிளேயரில் சுழன்றுகொண்டிருந்தது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டு. ஜாஸ் என்றும் ராக் என்றும் பேசிப் பொழுது போக்கும் நண்பர் அறுவர் சுற்றி அமர்ந்திருந்தோம். தெருக்கோடியில் ஒரு பந்தல். பந்தலின் கீழே ஒரு பிணம். அதன் தலைமாட்டிலே டோலக்கும் சட்டியும் முழங்க, ஓர் இளைஞன் கானா பாடிக்கொண்டிருந்தான்.

சன்னலைச் சாத்தினேன். ஆம், சாத்தியவன் நான்தான்! சாத்திவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சில் ஒரு கேள்வி உறுத்திற்று. உள்ளே ஒலிக்கும் இசை எங்கே பிறந்தது? வெளியே ஒலிக்கும் இசை எங்கே பிறக்கிறது?

இசைத்தட்டு சேர்ப்போரைத் தாக்குவதல்ல என் நோக்கம். நல்லிசையைத் தேடி அலைவது நற்பண்பு. அந்தத் தேட்டம் வடசென்னைக்குப் புதியதுமன்று. கப்பல் வந்து நின்ற கரை இது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த இராயபுரம் இங்கேதான் இருக்கிறது. 1985-ல் தீக்கிரையாகும் வரை, மூர் மார்க்கெட்டில் பழந்தட்டுகளைப் புரட்டிப் புரட்டி விரல் கறுத்தவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. பெரியவரும் அவர்களில் ஒருவர்.

அவர் கண்ணின் மணியெனக் காத்துவரும் தட்டு ஒன்று உண்டு. பீட்டில்ஸ் குழுவினர் பாடியது. நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. அவ்வகைத் தட்டுகளை மேல்நாடுகள் கைவிட்ட பிறகும், 1960-களில் இந்தியாவில் பீட்டில்ஸ் பாட்டை அதிலே அச்சிட்டார்கள். ஏன்? சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் நம் நாட்டு வீடுகளில் இன்னும் பாடிக்கொண்டிருந்தது, அதற்காக! நம் இல்லாமை ஈன்ற அந்தத் தட்டை இன்று மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் போட்டியிட்டு வாங்குகிறார்கள்.

பழைய 78 தட்டு எதனால் ஆனது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? அரக்கினால்! சோட்டா நாகபுரிக் காடுகளிலே பழங்குடி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டி எடுத்த அரக்கு, கப்பலேறிக் கடல் கடந்து, இசைத்தட்டாக உருமாறியது. உழைத்த கை எதுவென்று எந்தத் தட்டின் உறையிலும் அச்சிட்டதில்லை. பாடியவன் பெயர் உண்டு. விற்றவன் பெயர் உண்டு. சுரண்டியவன் பெயர் இல்லை. சுரண்டப்பட்டவனும் அவனே அன்றோ!

இரசிகர் கூட்டத்திலே நுழைந்து பாருங்கள். செவியில் விழும் முதற்சொல் ‘தூய்மை’. முதற்பதிப்பே தூயது, மறுபதிப்பு மாசுற்றது. ஊசி உரசி எழுவதே உயிரொலி. டிஜிட்டல் முறை இடையிலே நுழைந்தால் போயிற்று! ‘தீட்டு’ என்ற சொல்லை அவர்கள் வாய் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் முகம் சுளிக்கும் விதம் நமக்கு நன்கு பழக்கமானதே!

2022-ல் அமெரிக்காவிலே நடந்ததைக் கேளுங்கள். மொபைல் ஃபிடெலிட்டி என்றொரு நிறுவனம். பழம்பெரும் இசைத்தொகுப்புகளைத் தட்டாக்கி உயர்ந்த விலைக்கு விற்பது. மூல நாடாவிலிருந்து டிஜிட்டல் கலவாமல் நேரே தட்டுக்கு வந்த ஒலி என்று நம்பி இரசிகர்கள் வாங்கினார்கள், கேட்டார்கள், மெய்சிலிர்த்தார்கள். அவ்வாண்டு சூலைத் திங்களில் உண்மை வெளிவந்தது. 2011 முதலே அந்நிறுவனத்தின் பல தட்டுகளில் டிஜிட்டல் படி ஒன்று இடையிலே இருந்திருக்கிறது! பதினோராண்டுக் காலம், பொன்செவி படைத்தோரெல்லாம் அதைக் கேட்டுத்தான் ‘தூய்மை, தூய்மை’ என்று துதி பாடியிருக்கிறார்கள்! பிறகு வழக்குகள் எழுந்தன.

தட்டு மாறவில்லை, ஒலி மாறவில்லை, ஊர்பேர் தெரிந்தது, நேற்றைய அமுதம் இன்று நஞ்சாயிற்று! பிறப்பைச் சொன்ன பிறகுதான் தாழ்வு தெரியும் என்றால், அது செவி தந்த தீர்ப்பா, சாதி தந்த தீர்ப்பா? திரை ஒன்றைத் தொங்கவிட்டு, எது எந்தத் தட்டு என்று சொல்லாமல் கேட்கச் செய்வதே பகுத்தறிவின் சோதனை. தட்டின் கீறலொலியிலும் ஒரு சுகம் உண்டு. எனக்கும் அது பிடிக்கும். சுகம் என்று சொல்லட்டும், மறுப்பாரில்லை. தூய்மை என்று சொல்லும்போதுதான் பழைய பேய் புதுச்சட்டை போட்டு வருகிறது.

அந்தப் பேய்தான் அன்று என்னை எழுந்து சன்னலைச் சாத்தச் செய்தது.

ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸ், மிசிசிப்பி ஆற்றங்கரைத் துறைமுகம். அடிமைகளாக விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அங்கே சிறு சிறு சங்கங்கள் அமைத்துக் காசு சேர்த்தார்கள். சங்கத்தார் ஒருவர் இறந்தால் பித்தளை வாத்தியம் முழங்க அடக்கம் செய்தார்கள். இடுகாடு போகும்வரை நெஞ்சை உருக்கும் நடை; உடலுக்கு விடைகொடுத்துத் திரும்புகையில் துள்ளல் நடை, ஆட்டம்! அந்த ஊர்வலங்களின் பின்னே ஓடித் திரிந்த ஏழைச் சிறுவர்களில் ஒருவன்தான், 1901-ல் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங்.

மாடியறையிலே சுழன்றது இழவு வீதியிலே வளர்ந்த இசை. தெருக்கோடியிலே ஒலித்ததும் இழவு வீட்டு இசை. அதுவும் துறைமுகத்து உழைப்பாளியின் மூச்சு. இதுவும் துறைமுகத்து உழைப்பாளியின் மூச்சு. ஒன்று உறை போட்டுக் கப்பலில் வந்தது, உட்காரச் சொன்னோம். மற்றொன்று வேர்வையோடு வாசலில் நின்றது, கதவடைத்தோம்!

ஜாஸுக்கும் அந்நாளில் கதவடைத்தவர்கள் இருந்தார்கள். 1917-ல் வெளிவந்த முதல் ஜாஸ் தட்டில் வாசித்த ஐவரும் வெள்ளையர். அவர்களின் தலைவர் நிக் லரோக்கா, ஜாஸைப் படைத்ததில் கறுப்பருக்குப் பங்கே இல்லை என்று பிற்காலத்தில் வாதாடினார். 1920-ல் மாமி ஸ்மித் பாடிய தட்டு விற்றுக் குவிந்தது. காசைக் கண்ட கம்பெனிகள் கறுப்பர் பாட்டுக்கு ‘ரேஸ் ரெக்கார்டுகள்’ என்று தனிப்பட்டியல் வகுத்தன. தேநீர்க் கடையிலே தனிக்குவளை. இசைக் கடையிலே தனிப்பட்டியல்!

ராக் இசையின் கதை வேறா? ‘ஹவுண்ட் டாக்’ என்ற பாட்டை 1953-ல் தட்டிலே தந்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண்மணி. 1956-ல் அதே பாட்டால் உலகை ஆட்டிவைத்தவர் எல்விஸ் பிரெஸ்லி. தமக்குக் கிடைத்தது 500 டாலர் மட்டுமே என்று அந்த அம்மையார் பின்னாளில் சொன்னார்.

1939-ல் பில்லி ஹாலிடே, மரத்தில் தூக்கிலிடப்பட்ட கறுப்பரைப் பற்றிய ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ பாட்டைப் பதிவு செய்ய விரும்பினார். கொலம்பியா நிறுவனம் மறுத்தது. கமோடோர் என்ற சிறு நிறுவனமே துணிந்தது. அந்தப் பாட்டை எழுதியவர் ஏபல் மீரோபோல், நியூயார்க்கில் ஒரு பள்ளி ஆசிரியர். ஆசிரியத் தொழில் செய்யும் எனக்கு அந்தப் பெயர் பெருமையையும் தருகிறது, வெட்கத்தையும் தருகிறது. வெட்கத்தின் காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

“அது கலை, தம்பி. இது வெறும் கூச்சல், குடியும் கொச்சையும் கலந்தது” என்றார் பெரியவர்.

கானா எல்லாம் உயர்கலை என்று நான் வாதாட வரவில்லை. பெண்ணை இழிவு செய்யும் கானா உண்டு. போதையைப் புகழும் கானா உண்டு. அவற்றைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் பழைய புளூஸ் தட்டுகளிலும் அவை உண்டே! அங்கே அது ‘வரலாறு’, இங்கே மட்டும் ‘வக்கிரமா’? ஆம்ஸ்ட்ராங் மேடையில் நின்றபடியே புதுச்சுரம் புனைந்தார் என்று புகழ்கிறோம். இறந்தவன் பெயரையும் தொழிலையும் தெருவையும் அங்கேயே பாட்டில் கோத்துப் பாடும் இளைஞன் செய்வதென்ன? அயல்நாட்டான் கொச்சைக்கு அகராதி புரட்டுகிறோம். அடுத்த தெருக் கொச்சைக்குக் காதைப் பொத்துகிறோம்!

இரண்டு இசையும் ஒரே மேடையில் நிற்க முடியும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 2018 சனவரியில் சென்னையில் மேடையேறியது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய குழு; அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் சிந்தனையே அதன் பெயர். பறையும் சட்டியும் கிதாரோடு கைகோத்தன. கானாவும் ராக்கும் கலந்தன. ஆண்களே ஆண்டுவந்த கானாவை அந்த மேடையிலே பாடினார் இராயபுரத்து இசைவாணி, 2020-ல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. தூய்மை பேசுவோர் கலப்பென்று பழிப்பதிலிருந்தே புதியன பிறக்கின்றன.

இனி, என் வெட்கத்தின் கதை. என் வகுப்பிலே ஒரு மாணவன். மேசையில் விரலால் தாளம் தட்டியபடி இருப்பான். சென்ற ஆண்டு ஒருநாள், மெல்லக் கானா ஒன்றை முனகினான். “இது பள்ளிக்கூடமா, சாவு வீடா?” என்று அதட்டினேன். அவன் பதில் பேசவில்லை. கைகளை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டான். பிறகுதான் அறிந்தேன், அது அவன் பாட்டனார் இறந்தபோது அவனே கட்டிய பாட்டு என்று! சன்னலைச் சாத்துவது எனக்கு அந்த ஞாயிறு மாலையில் தொடங்கிய பழக்கமன்று.

சென்ற வாரம் வகுப்பின் தமிழ் மன்றத்திலே அவனைப் பாடச் சொன்னேன். முதலில் நம்பவில்லை, பிறகு பாடினான். இரண்டாம் அடி தளர்ந்தது. மூன்றாம் அடியில் எதுகை பொருந்தவில்லை. நான்காம் அடியில் வகுப்பே அசையாமல் இருந்தது. குறையைச் சொன்னேன், நிறையையும் சொன்னேன். கேட்ட பிறகு சொன்னேன்.

இளைஞர்களே! நான் வேண்டுவதும் இவ்வளவே. தட்டுகளைச் சேருங்கள், ஆம்ஸ்ட்ராங்கைக் கேளுங்கள், பில்லி ஹாலிடேயைக் கேட்டுக் கண்கலங்குங்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனால் காதால் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். முகவரியைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

வரும் ஞாயிறும் பெரியவர் வீட்டுக்குப் போவேன். நல்ல தட்டுகள் வைத்திருக்கிறார். சன்னலோரத்து நாற்காலியில் அமர்வேன். சாத்தச் சொன்னால், இம்முறை சாத்தமாட்டேன்.