தெளிந்த ஒலியும் தேய்ந்த ழகரமும்

கஜாங்கிலிருந்து 4845 கிலோஹெர்ட்ஸ் சிற்றலையில் வானொலி மலேசியாவின் தமிழ் ஒலிபரப்பு வந்த காலத்தில், ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்ட லயங்களில் அதனை இரைச்சலோடுதான் கேட்டனர். ஒலி ஏறும், இறங்கும், இடி முழங்கினால் கரகரக்கும். ஆயினும் சொல் விளங்கிற்று. இரைச்சலை எண்ணியே அறிவிப்பாளர் நிறுத்தி உரைத்தார்.

1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் ஒளிபரப்புத் தொடங்கியபின், வானொலியும் கூரைமேல் தட்டு வழியே இல்லம் புகுந்தது. இரைச்சல் அறவே நீங்கிற்று. (பெருமழையில் ஒலியே நீங்கிவிடும் என்பது வேறு.) எண்மமாகச் சுருக்கிய ஒலியில் ஜாலராவின் கிணுகிணுப்புச் சற்றே மங்குவதை இசையறிந்த செவி உணரும், நாளடைவில் அதற்கும் பழகிவிடும்.

பழகக் கூடாதது வேறொன்று. சிற்றலையில் ஏறத்தாழ நொடிக்கு 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி செல்வதில்லை. எனவே ஸகரத்தின் சீறல் மழுங்கும். லகர, ளகர, ழகர வேறுபாடோ பெரும்பாலும் 3,000 அதிர்வுகளுக்குள் அடங்குவது. ஆகவே அக்குறுகிய வழியிலும் ழகரம் கெடாது வந்து சேர்ந்தது. இன்று அகன்ற, தூய வழியில் வாழை மரம் வாளை மீனாக ஒலிக்குமாயின், பழியைக் கருவிமேல் சுமத்த இயலாது. இரைச்சல் போயிற்று, அதனோடு நிறுத்தி உரைக்கும் கவனமும் போயிற்று. மெர்லிமாவ் மாணவன் ‘வாளைப்பழம்’ என எழுதும்போது, கேட்டதைத்தான் பிழையின்றி எழுதுகிறான்.