'பள்ளிகொண்டபுரம்': பெயரும் பெயர்ப்பும்

நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' (1970) திருவனந்தபுரத்தைக் களமாகக் கொண்ட நாவல். மனைவி கார்த்தியாயினி பிரிந்துபோனபின் பிள்ளைகளை வளர்த்த அனந்தன் நாயரின் நினைவோட்டமே கதை. ஆங்கிலத்தில் இதற்கு 'வேர் தி லார்ட் ஸ்லீப்ஸ்' எனத் தலைப்பிட்டனர். 'லார்ட்' என்னும் சொல் மூலத் தலைப்பில் இல்லை. அங்கு இறைவனைச் சுட்டுவது வினையே. உறங்குதல் எல்லார்க்கும் பொது. பள்ளிகொள்ளுதல் இறைவனுக்கும் அரசனுக்குமே உரியது. பத்மநாபசுவாமி கோயிலின் பள்ளிவேட்டையை ஆண்டுக்கு இருமுறை காணும் கரமனை அக்கிரகாரத்து இருமொழியாளர்க்கு இது விளக்கமின்றியே புலப்படும்.

இதனினும் பெரிய இழப்பு நாயகன் பெயரில் நேர்கிறது. நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடிய தலம் இது. அனந்தன் என்பது பெருமாளின் பெயர். அவனைத் தாங்கும் அரவின் பெயரும் அதுவே. குடும்பத்தைத் தனியே சுமந்த இம்மனிதனுக்குப் பின்னதே பொருந்தும். இறைவன் துயில் கலைந்து அவன் வீட்டுத் துயரைத் தீர்க்க வருவதில்லை. தாங்குதல் என்ற செயலில்தான் அவ்விருப்பு உணரப்படுகிறது.

கருவறையின் மூன்று வாயில்களில் முகம், உந்தி, திருவடி எனப் பகுதி பகுதியாகவே காட்சி கிடைக்கும். கார்த்தியாயினியும் கணவன் நினைவில் அவ்வாறே துண்டுதுண்டாகத் தோன்றுகிறாள். ஊர்ப் பழமையை விரிக்கும் இடங்களில் மட்டும் புராணம் வெறும் செய்தியாக நின்று, கதையைத் தளர்த்துகிறது.

மலையாளத்திலோ இந்தியிலோ 'அனந்தன்' விளக்கம் வேண்டாது நிற்கும். ஆங்கிலப் பெயர்ப்பில் ஓர் அடிக்குறிப்பேனும் தேவை.